புரண்டது வாக்காளரா, வாக்குச்சீட்டா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் கடந்த ஞாயிறு வெளியீட்டில், ஐக்கிய அமெரிக்காவின் சில மாநிலங்கள் அடுத்தடுத்து வந்த இரண்டு ஜனாதிபதித் தேர்தல்களில் ஒன்றுக்கொன்று நேரெதிராக வாக்களித்ததைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். உழைத்து எழுதப்பட்ட கட்டுரை. அதிலிருந்த அட்டவணையைக் கத்தரித்து எடுத்தும் வைத்திருக்கிறேன். ஆயினும், இத்தகைய மாநிலங்களின் வாக்காளர்கள் காற்றடிக்கும் பக்கம் சாயும் நாணல்கள் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு நெடுங்காலம் அரசியல் விஞ்ஞானம் படிப்பித்தவன், மட்டக்களப்பு மாவட்டத்தில் பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையக் கடமை செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இதே பழிச்சொல்லை எங்கள் மாவட்டத்து மக்களும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

அட்டவணையின் முதல் வரியில் மிசிசிப்பி இருப்பது பொருத்தமானதே. அந்த மாநிலத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பெற்ற வாக்கு 1960 இல் ஏறத்தாழ 25 சதவீதம், 1964 இல் 87 சதவீதம், 1968 இல் பதின்மூன்றரை சதவீதம், 1972 இல் 78 சதவீதம். இந்த நான்கு எண்களை மட்டும் ஒருவர் கையில் கொடுத்தால், பன்னிரண்டு வருடம் ஒரு மாநிலமே ஊஞ்சல் ஆடியிருக்கிறது என்றுதான் அவர் சொல்வார். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், அந்த வருடத்து வாக்குச்சீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் எழுதிப் பார்த்தால் ஊஞ்சல் நின்றுவிடுகிறது.

1960 இல் அங்கே வென்றவர் ஜனநாயகக் கட்சியின் கென்னடியும் அல்லர், குடியரசுக் கட்சியின் நிக்சனும் அல்லர். கறுப்பின மக்களின் உரிமை குறித்துத் தமது கட்சித் தலைமை எடுத்த நிலைப்பாட்டில் கோபம் கொண்ட அந்த மாநிலத்து ஜனநாயகக் கட்சியினர், எந்த வேட்பாளருக்கும் கட்டுப்படாத தேர்வாளர் (மாநிலத்தின் சார்பில் ஜனாதிபதியை முறைப்படி தெரிவு செய்பவர்கள்) பட்டியல் ஒன்றைத் தனியே நிறுத்தினர். அதுவே முதலிடம் பெற்றது. 1964 ஜூலை 2 ஆந் திகதி ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி ஜோன்சன், இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமைகள் சட்டத்தில் கையொப்பமிட்டார். செனட் சபையில் அந்தச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த பரி கோல்ட்வோட்டரைக் குடியரசுக் கட்சி தனது வேட்பாளராக நிறுத்தவே, மிசிசிப்பி தன் வாக்குகளை அவருக்கு அள்ளிக் கொடுத்தது. 1968 இல், இனப்பிரிப்பையே தன் அரசியலாகக் கொண்டிருந்த அலபாமாவின் முன்னாள் ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ் மூன்றாவது கட்சி ஒன்றின் சார்பில் நின்றார். அவருக்கு 63 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. நிக்சனுக்கு மிஞ்சியதுதான் அந்தப் பதின்மூன்றரை. 1972 இல் வொலஸ் வாக்குச்சீட்டில் இல்லை. அந்த வாக்குகள் நிக்சனிடம் போய்ச் சேர்ந்தன. ஆக, நான்கு தேர்தல்களிலும் அந்த மாநிலத்து வெள்ளையின வாக்காளர்களில் பெரும்பாலானோர் கேட்டது ஒரே ஒரு பொருளைத்தான். அவர்கள் கேட்டது கேவலமான பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாணலைப் போலச் சாய்ந்தார்கள் என்று மட்டும் அவர்களைச் சொல்ல முடியாது. அவர்கள் பனைமரம்போல அசையாமல் நின்றார்கள். இடம் மாறியவை கட்சிகளும் வேட்பாளர்களும்தான்.

கட்டுரை தொடாத இன்னொரு விடயம் இதைவிடப் பாரதூரமானது. 1964 இல் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளராகப் பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை. எழுத்தறிவுச் சோதனை, தேர்தல் வரி, வேலையிலிருந்து நிறுத்துதல், அடி, கொலை என்று எல்லா வழிகளிலும் அவர்கள் தடுக்கப்பட்டனர். அதனால் அந்த 87 சதவீதத்தை மிசிசிப்பி மக்களின் 87 சதவீதம் என்று படிக்கக் கூடாது; வாக்குப் போட அனுமதிக்கப்பட்டவர்களின் 87 சதவீதம் அது. 1965 ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் பின் இரண்டே வருடத்தில் கறுப்பினத்தவரின் பதிவு ஏறத்தாழ 60 சதவீதமாக உயர்ந்தது. 1976 இல் ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர் இரண்டு சதவீதத்துக்கும் குறைந்த இடைவெளியில் அந்த மாநிலத்தை வென்றபோது, முன்னர் வரிசையிலேயே நிற்க விடப்படாதவர்கள் வரிசையில் நின்றிருந்தனர். தேர்தலுக்குத் தேர்தல் வாக்காளர் தொகுதியே வேறாகிவிடும்போது, மனம் மாறியது யார் என்ற கேள்விக்கே பொருளில்லை.

வேர்மொண்ட் மாநிலத்தைக் கட்டுரையாளர் மிசிசிப்பிக்கு மறுபக்கமாகக் காட்டியிருப்பது சரியானது. 1856 முதல் 1960 வரை குடியரசுக் கட்சியை ஒருமுறையேனும் கைவிடாத மாநிலம் அது. 1936 இல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் நாட்டையே வாரி எடுத்தபோதும் மெயின் மாநிலத்தோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் நின்றது. 1964 இல் அது 66 சதவீத வாக்குகளை ஜோன்சனுக்கு அளித்தது. நான்கு வருடம் கழித்து மீண்டும் நிக்சனிடம் திரும்பியது. மிசிசிப்பியைக் கவர்ந்த அதே கோல்ட்வோட்டரைக் கண்டுதான் வேர்மொண்ட் விலகியது என்பதால், இதில் மேலும் சொல்ல அதிகமில்லை.

இனி எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன்.

1994 நவம்பர் 9 ஆந் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க மட்டக்களப்பு மாவட்டத்தில் 87.3 சதவீத வாக்குகளைப் பெற்றார். 1999 டிசம்பர் 21 ஆந் திகதி, அதே வேட்பாளர், அதே கதிரைச் சின்னம், அதே மாவட்டம்: 34.7 சதவீதம். ரணில் விக்கிரமசிங்கவுக்கு 61 சதவீதம். நாடு முழுவதிலும் சந்திரிகா 62 இலிருந்து 51 சதவீதமாகத்தான் இறங்கினார். இங்கோ ஐம்பத்திரண்டு புள்ளிகள் சரிந்தன. ஒரே வேட்பாளர் ஐந்து வருடத்தில் இவ்வளவு இழப்பதை அமெரிக்க மாநிலங்களின் வரலாற்றிலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த நாட்களில் கொழும்பிலிருந்து வந்த ஒரு நண்பர், "உங்கள் ஆட்களை நம்ப முடியாது" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அவருக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன் போலும்.

1994 தேர்தலன்று பட்டிருப்புத் தொகுதியின் பாடசாலை ஒன்றில் நான் கனிஷ்ட தலைமை தாங்கும் அலுவலராக இருந்தேன். எங்கள் வாக்களிப்பு நிலையங்களின் ஒழுங்கு பலருக்கும் தெரிந்ததுதான்: ஒருவர் தேருநர் இடாப்பை (வாக்காளர் பட்டியலை) பார்த்து இலக்கத்தையும் பெயரையும் உரத்துக் கூப்பிடுவார், அடிமட்டத்தை வைத்து அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு கிழிப்பார், கட்சி முகவர்களும் தங்கள் பிரதியில் அதே பெயரை வெட்டுவார்கள், அடுத்த மேசையில் விரலுக்கு மை பூசி வாக்குச்சீட்டு கொடுக்கப்படும். அன்று காலை, மை காயாத விரலைத் தூக்கிப் பிடித்தபடி ஓர் ஆச்சி வாக்குச்சீட்டை என் பக்கம் நீட்டி, "சண்டையை நிப்பாட்டுற கதிரை எது மனே?" என்று கேட்டுவிட்டார். அப்படிக் கேட்கக் கூடாது, யாரும் காட்டவும் கூடாது என்று சொல்லி அவரை மறைப்புக்குள் அனுப்பினேன். முகவர்கள் சிரித்தார்கள், எதிர்க்கட்சி முகவரும் சேர்ந்து சிரித்தார் என்பது நன்றாக நினைவிருக்கிறது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. ஆச்சி கதிரையைத் தேடவில்லை. சண்டை நிற்க வேண்டும் என்பதைத் தேடி, அது கதிரையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

1995 ஜனவரி 8 இல் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே நடைமுறைக்கு வந்த போர்நிறுத்தம் ஏப்ரல் 19 இல் முறிந்தது. அதன் பின்னர் எங்கள் பக்கத்து ஊர்கள் பட்டதை இங்கே விரிக்கத் தேவையில்லை. 1999 இல் பேச்சுவார்த்தையைப் பற்றிப் பேசிய ரணில் யானைச் சின்னத்தில் நின்றார். புள்ளடி யானைக்குப் போனது. 2005 இலும் யானைக்கே போனது. 2010 இல், போரை நடத்திய இராணுவத்தின் தளபதியாக இருந்த சரத் பொன்சேகாவுக்கு இந்த மாவட்டம் ஏறத்தாழ 69 சதவீதம் கொடுத்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கவேயில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரித்தது என்பது ஒரு காரணம். ஆட்சியில் இருந்த மஹிந்த ராஜபக்ஷவை அனுப்ப வேறு வழி வாக்குச்சீட்டில் இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். 2015 இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு 81.6, 2019 இல் சஜித் பிரேமதாசவுக்கு 78.7; பொன்சேகா முதல் இம்மூவரின் சின்னமும் அன்னம். கதிரை, யானை, அன்னம் என்று புள்ளடி இடம் மாறிக்கொண்டே வந்தாலும், போட்ட கையின் எண்ணம் பெரிதாக மாறவில்லை என்றே நான் கருதுகிறேன்.

யார் வாக்களிக்க வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும் என்று மிசிசிப்பியைப் பற்றிச் சொன்னேன். எங்களுக்கு அந்தப் பாடத்தை 2005 நவம்பர் 17 ஆந் திகதி படிப்பித்தது. அந்தத் தேர்தலில் மட்டக்களப்பில் ரணிலுக்கு 79.5 சதவீதம் என்று புத்தகத்தில் இருக்கிறது. பதிவு செய்த வாக்காளரில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை என்பதையும் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: வாக்களிப்பு 48.5 சதவீதம். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரை ஊர்களுக்காக இக்கரையில் சேர்த்து அமைத்த கொத்தணி வாக்களிப்பு நிலையம் ஒன்றில் எனக்கு அன்று கடமை. தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொல்லி இருந்தார்கள். வாவியின் அக்கரையிலிருந்து பாதைப் படகு ஏறி ஆட்கள் வருவார்கள் என்று விடியற்காலையிலிருந்து காத்திருந்தோம். பிற்பகல் நான்கு மணிக்கு இடாப்பைப் புரட்டியபோது, பக்கம் பக்கமாகக் கோடு விழாத பெயர்கள். கூப்பிடுபவரின் அடிமட்டம் மேசையில் சும்மா கிடந்தது. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எந்தச் சதவீதத்திலும் இல்லை. நாடளாவிய ரீதியில் மஹிந்த ராஜபக்ஷ ரணிலை வென்ற இடைவெளி ஒரு இலட்சத்து எண்பதாயிரம் வாக்குகள் அளவில்தான் இருந்தது என்பதையும், யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களிப்பு 1.2 சதவீதமாக இருந்தது என்பதையும் வாசகர்கள் சேர்த்துப் பார்க்கட்டும். 2010 இல் இங்கே மஹிந்த ராஜபக்ஷவின் வாக்கு ஏறத்தாழ 29 ஆயிரத்திலிருந்து 56 ஆயிரமாக உயர்ந்ததை மனமாற்றம் என்று எழுதியவர்களும் உண்டு; வீட்டிலிருந்தவர்கள் வெளியே வந்ததும் அதில் ஒரு பங்கு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

சொந்த மண்ணின் மைந்தர் நின்றால் மாநிலம் புரளும் என்று கட்டுரை சொல்வது பெரும்பாலும் உண்மை. ஜோர்ஜியாவில் ஜனநாயகக் கட்சிக்கு 1972 இல் 25 சதவீதமும் தேறவில்லை. 1976 இல் அந்த மண்ணில் பிறந்த கார்ட்டர் நின்றபோது ஏறத்தாழ 67. ஹவாயில் 2004 இல் ஒன்பது புள்ளிகளுக்கும் குறைந்திருந்த இடைவெளி, ஹொனலூலுவில் பிறந்த ஒபாமா நின்ற 2008 இல் நாற்பத்தைந்து ஆனது. ஆனால் இதை விதியாக்கிவிட வேண்டாம். 2024 இல் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற பாக்கியசெல்வம் அரியநேத்திரன் எங்கள் மாவட்டத்தின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 32 சதவீதம்; சொந்த மாவட்டத்தில் 12 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிப்பதாக அறிவித்திருந்தது, மாவட்டத்தில் முஸ்லிம் வாக்காளர் கணிசமாக இருக்கின்றனர் என்ற இரண்டும் இதற்குக் காரணங்கள். ஆனாலும் வென்று பதவிக்கு வரக்கூடிய இருவரில் ஒருவருக்கே வாக்கைப் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கமாகிவிட்டது என்பதே என் கணிப்பு.

அந்த 2024 தேர்தலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனம் உண்மையாகவே மாறும் தேர்தல்களும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. 1928 இல் நாற்பத்தெட்டு மாநிலங்களில் நாற்பதை வென்ற ஹூவர், பொருளாதாரம் படுத்துவிட்ட 1932 இல் ஆறு மாநிலங்களோடு நின்றார். எங்கள் நாட்டில் 2019 இல் கோட்டாபய ராஜபக்ஷவை நிறுத்தி 52 சதவீதம் பெற்ற பொதுஜன பெரமுன, எரிவாயு வரிசையும் எரிபொருள் வரிசையும் கண்ட பிறகு 2024 இல் இரண்டரைச் சதவீதத்துக்கு வந்தது. 3 சதவீதத்தில் இருந்த அநுரகுமார திசாநாயக்க 42 சதவீதம் பெற்று, விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டு ஜனாதிபதியானார். பட்டினி எந்த ஊரிலும் கட்சி விசுவாசத்தைக் கரைக்கும். ஆனால் மட்டக்களப்பு இந்த அலையில் அசையவில்லை என்று அப்போது பலர் எழுதினார்கள். கோட்டாபய ராஜபக்ஷ இங்கே 2019 இல் பெற்றதே 12.7 சதவீதம்; விழுவதற்கு உயரம் வேண்டாமா? அதே வேளையில் சஜித்தின் வாக்கு 78.7 இலிருந்து 43.7 ஆக, முப்பத்தைந்து புள்ளிகள் இறங்கியிருந்தது. இறங்கிய வாக்கு ரணில், அநுர, அரியநேத்திரன் என்று மூன்றாகப் பிரிந்ததால், முதலிடம் மாறவில்லை. முதலிடம் மாறாததால் வரைபடத்தில் நிறம் மாறவில்லை. நிறம் மாறாததால் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. 2012 இல் ரொம்னிக்கு 73 சதவீதம் கொடுத்த யூட்டா மாநிலம் 2016 இல் ட்ரம்ப்புக்கு 45 சதவீத அளவே கொடுத்ததும் இவ்வகையே. இருபத்தேழு புள்ளிகள் போயும் அந்த மாநிலம் கட்டுரையின் அட்டவணையில் இல்லை.

இந்த நிறத்தின் மயக்கம் அமெரிக்காவில் விளங்கிக்கொள்ளக் கூடியது. மெயின், நெப்ராஸ்கா தவிர்ந்த மாநிலங்களில், ஒரு வாக்கு கூடினாலும் தேர்வாளர் அத்தனை பேரும் ஒருவருக்கே. 2016 இல் மிச்சிகன் மாநிலத்தின் பதினாறு தேர்வாளர்களும் 10,704 வாக்கு இடைவெளியில் கைமாறினர். 2000 ஆம் ஆண்டு புளோரிடாவில் இடைவெளி 537. இங்கு நாடு முழுவதும் ஒரே தொகுதி. மாவட்டத்தை வெல்வதற்குத் தனிப் பரிசு எதுவும் இல்லை. அப்படியிருக்க, நாமும் ஏன் தேர்தல் இரவில் மாவட்டங்களுக்குச் சாயம் பூசிக்கொண்டு இருக்கிறோம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

சாயம் பூசுவதால் வரும் பிழைக்கு அயல் மாவட்டமே உதாரணம். அம்பாறை நிருவாக மாவட்டத்தை உள்ளடக்கிய திகாமடுல்லவில் 2010 இல் பொன்சேகா 49.9, மஹிந்த 47.9. 2015 இல் மைத்திரிபால 65, மஹிந்த 34. மாவட்டம் முழுவதும் ஒரே திசையில் பதினைந்து புள்ளி நகர்ந்தது போலத் தோன்றும். ஆனால் சிங்கள வாக்காளர் பெரும்பான்மையான அம்பாறைத் தொகுதியில் 2015 இலும் மஹிந்தவே முன்னணியில் இருந்தார். கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளின் கதை வேறு: 2014 ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையை மறக்காத முஸ்லிம் வாக்காளரும், தமிழ் வாக்காளரும் அங்கே சேர்ந்து எண்ணப்படுகின்றனர். ஒரே சதவீதத்துக்குள் இப்படி மூன்று சமூகங்களின் மூன்று தேர்தல்கள் அடங்கியிருக்கின்றன.

ஆகவே தங்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். இனிமேல் இத்தகைய அட்டவணைகளைப் பிரசுரிக்கும்போது, சதவீதத்தோடு வாக்களிப்பு வீதத்தையும், அந்தந்த வருடத்து முக்கிய வேட்பாளர்களின் பெயர்களையும் சேர்த்துத் தாருங்கள். எங்கள் நாட்டைப் பற்றியதாயின் மாவட்டத்தோடு நிற்காமல் கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று தொகுதிவாரியாகவும் தாருங்கள். இடம் போதாது என்றால் வரைபடத்தைக் கைவிடலாம். கத்தரித்து வைத்திருக்கும் அட்டவணையில் ஒரு திருத்தமும் வேண்டியிருக்கிறது. 1964 இல் அலபாமாவில் ஜோன்சன் பெற்ற வாக்கு என்று பூச்சியம் போடப்பட்டுள்ளது. அந்த மாநிலத்தில் ஒருவர்கூட அவரை விரும்பவில்லை என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடும். அலபாமாவின் வாக்குச்சீட்டில் ஜோன்சனின் பெயரே அந்த வருடம் அச்சிடப்படவில்லை. அங்கிருந்த ஜனநாயகக் கட்சியினர் யாருக்கும் கட்டுப்படாத தேர்வாளர்களையே நிறுத்தியிருந்தனர். அந்தப் பூச்சியத்தின் கீழ் இதை ஒரு வரியில் குறிப்பிட்டு அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.